எந்த டேப், எந்த மிக்ஸ்? பழைய பாப் ஆல்பங்களைச் சிடியில் மறுவெளியிடுதல்

பழைய பாப் ஆல்பம் ஒன்றை ரீமாஸ்டர் செய்து மறுபடியும் சிடியாகக் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கருவிகளைப் பற்றித்தான். எந்த மென்பொருள் வாங்கலாம், டேப் இரைச்சலை எடுக்க எது கைகொடுக்கும், எவ்வளவு சத்தமாக வைக்கலாம் என்று கேட்பார்கள். அவற்றுக்கும் இந்த அத்தியாயத்தில் இடம் உண்டு, ஆனால் பின்னால். பொறியாளர் முதல் குமிழைத் தொடுவதற்கு முன்பே மறுவெளியீட்டின் தலையெழுத்து பெருமளவு எழுதியாகிவிடுகிறது என்பது என் கட்சி. எந்த டேப்பை எடுத்தோம், எந்த மிக்ஸை அந்த ஆல்பமாக ஏற்றோம், டேப்பை எந்த இயந்திரத்தில் எப்படி ஓட்டினோம் என்ற மூன்றும் சரியாக இருந்தால் அதற்குப் பிறகு செய்ய வேண்டியது சொற்பம். மூன்றில் ஒன்று பிசகினாலும் எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அதை ஒப்பேற்ற முடியாது. ஆகவே கையிலிருக்கும் பணத்திலும் நாட்களிலும் பெரும்பகுதியை டேப்பைத் தேடுவதற்கும் ஓட்டுவதற்கும் ஒதுக்குங்கள். மெருகேற்ற மிச்சம் போதும்.

சிடியின் ஆரம்பகால வரலாறே இதற்குச் சாட்சி. 1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனிகள் தங்கள் பழைய ஆல்பங்களை அவசர அவசரமாகச் சிடியாக்கின. அலமாரியில் எளிதாகக் கைக்கு எட்டியது பல நேரங்களில் எல்.பி. வெட்டுவதற்கென்று தயாரித்து வைத்திருந்த பிரதிதான். எல்.பி.க்கு அதற்கே உரிய வரம்புகள் உண்டு. பாஸ் ஒலி இடது வலதாகப் பிரிந்து பலமாக வந்தால் ஊசி துள்ளும், பாடகரின் ‘ஸ’கர ஒலிகள் கூர்மையாக இருந்தால் சிதறும், ஒரு பக்கம் நீண்டுவிட்டால் ஒட்டுமொத்த ஒலியளவையே குறைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே விட்டுக்கொடுத்துச் செய்த பிரதியைச் சிடியில் ஏற்றியபோது அது சப்பென்று இருந்தது. பழியோ சிடி மேல் விழுந்தது. டிஜிட்டல் என்றாலே உயிரில்லாத ஒலி என்று பலர் முடிவுகட்டினார்கள். உண்மையில் அவர்கள் கேட்டது சிடியின் குறையை அல்ல, தவறான டேப்பை. 1990களில் ‘ரீமாஸ்டர்’ என்ற ஒட்டுச்சீட்டு விற்பனையைத் தூக்கிவிட்டதற்கு இந்த முதல் சுற்று அவசரமும் ஒரு காரணம்.

நேர் எதிர் உதாரணம் பீட்டில்ஸ். அவர்கள் ஆல்பங்கள் 1987இல் முதன்முதலாகச் சிடியாகின. 2009 செப்டம்பர் 9 அன்று மொத்தத் தொகுப்பும் ரீமாஸ்டர் ஆகி வந்தது. லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவின் பொறியாளர் குழு அதற்கு எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 4 ஆண்டுகள். மாஸ்டர் டேப்புகளை ஒவ்வொரு பாட்டாக ஓட்டி, ஒரு பாட்டு முடிந்ததும் டேப் ஹெட்டில் படிந்த தூசைத் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொட்டிருக்கிறார்கள். மொத்தம் 525 நிமிட இசையில் இரைச்சல் நீக்கும் கருவி வேலை செய்தது 5 நிமிடத்துக்கும் குறைவு. மின் தடங்கலால் வந்த ‘டிக்’ ஒலிகளையும் மோசமான ஒட்டுகளையும் சரிசெய்தார்கள். மூச்சு, இருமல், நாற்காலி கிறீச்சிடுவது போன்றவை அந்த அறையில் அந்த நேரத்தில் நடந்தவை என்பதால் அவற்றைத் தொடவில்லை. ‘எ டே இன் தி லைஃப்’ பாட்டின் கடைசி பியானோ அதிர்வு அடங்கும்போது நாற்காலி முனகுவதை இன்றும் கேட்கலாம். ஆபி ரோட்டின் வசதி யாருக்கு வாய்க்கும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் வசதி இருந்தும் அவர்கள் அதை எங்கே செலவழித்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

டேப் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தில் மாட்டுவதற்கு முன் டப்பாவின் முதுகையும் உள்ளே இருக்கும் சீட்டையும் பொறுமையாகப் படியுங்கள். டேப்பின் வேகம் விநாடிக்கு எத்தனை அங்குலம், ஈக்யூ (ஒலிச் சமன்) அமெரிக்காவின் என்.ஏ.பி. முறையா, ஐரோப்பாவின் சி.சி.ஐ.ஆர். முறையா, டால்பி இரைச்சல் குறைப்பு உண்டா இல்லையா என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். ஒரு முறையில் பதிந்ததை மற்ற முறையில் ஓட்டினால் உச்ச ஒலிகளும் அடி ஒலிகளும் அளவு மாறிவிடும். டால்பி ‘ஏ’ முறையில் பதிந்த டேப்பை அதற்குரிய பெட்டி இல்லாமல் ஓட்டினால் காதுக்குப் பளிச்சென்று இருக்கும். அந்தப் பளபளப்பைத் தெளிவு என்று நம்பி ஏமாறுவது சுலபம். ‘எல்.பி. மாஸ்டர்’, ‘ஈக்யூ செய்த பிரதி’ என்று எழுதியிருந்தால் அது முதல் தலைமுறை டேப் அல்ல. அதற்கு முந்தையதைத் தேடுங்கள். ‘உபயோகிக்க வேண்டாம்’ என்று கிறுக்கியிருந்தால் தேதியைப் பாருங்கள். சில சமயம் அந்தக் கட்டளை எல்.பி. வெட்டுபவருக்குச் சொன்னது, உங்களுக்கு அல்ல. டேப்பின் தொடக்கத்தில் 1,000, 10,000, 100 ஹெர்ட்ஸ் என அளவு ஒலிகள் பதிந்திருக்கும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டு சேனல்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டபடி, ஹெட்டின் சாய்வை மயிரிழை மயிரிழையாகத் திருகுங்கள். ஒலி உச்சத்தைத் தொடும் இடம்தான் சரியான இடம். அதோடு முடிந்துவிடவில்லை. பாப் ஆல்பங்கள் பல ஸ்டுடியோக்களில் பதிந்த பாட்டுகளை வெட்டி ஒட்டிச் சேர்த்தவை. மூன்றாவது பாட்டு வேறு ஊரில் வேறு இயந்திரத்தில் பதிந்ததாக இருக்கலாம். ஒட்டு கடந்ததும் சாய்வை மறுபடி சரிபார்க்காமல் ஆல்பம் முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டிவிடுவது பரவலான, செவிக்கு உடனே பிடிபடாத தவறு.

டேப்பின் உடம்பு நிலை இன்னொரு கவலை. 1970களிலிருந்து 1980கள் வரை விற்ற சில டேப்புகளில், குறிப்பாக ஆம்பெக்ஸ் 406, 456 வகைகளில், காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகிறது. அப்படியே ஓட்டினால் டேப் கீச்சென்று கத்தும், பழுப்பு நிறப் பிசின் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அந்தப் பழுப்புதான் பாட்டு. முதல் கீச்சொலி கேட்டதும் நிறுத்திவிடுங்கள். மருந்து, மிதமான சூட்டில் பல மணி நேரம் உலர்த்துவது. சுமார் 54 டிகிரி செல்சியஸ் என்பது வழக்கம், கால் அங்குல டேப்புக்கு 8 மணி நேரம் போல ஆகும். ஆம்பெக்ஸ் கம்பெனியே இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியது. சூட்டைச் சீராக வைக்கும் பெட்டி வேண்டும். சமையலறை அவன் கூடாது. பலன் தற்காலிகமே என்பதால் டிஜிட்டலாக மாற்றும் தேதியை முன்பே முடிவு செய்துகொண்டு உலர்த்துங்கள். பழைய அசிட்டேட் டேப்பை மட்டும் எக்காரணத்தாலும் சூட்டில் வைக்காதீர்கள். ரீலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அசிட்டேட் ஒளியை ஊடுருவ விடும், பாலியெஸ்டர் மறைக்கும். டிஜிட்டல் டேப் என்றால் தொல்லை இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். ரை கூடரின் 1979 ஆல்பம் ‘பாப் டில் யூ டிராப்’ போலத் தொடக்கக் கால டிஜிட்டல் இயந்திரங்களில் பதிந்தவற்றுக்கு, டேப் நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் இயந்திரம் கிடைப்பது அரிது.

சரியான டேப், நல்ல உடம்பு, இருந்தும் வேகம் தவறலாம். இதற்குப் பாப் உலகுக்கு வெளியே ஜாஸில் ஒரு புகழ்பெற்ற கேஸ் உண்டு. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் மைல்ஸ் டேவிஸ் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தின் முதல் மூன்று பாட்டுகளைப் பதிந்தபோது முதன்மை இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. ஆகவே சரியான வேகத்தில் திருப்பி ஓட்டியபோதெல்லாம் இசை சுருதி ஏறியே ஒலித்தது. கூடவே வாசித்துப் பழகிய கலைஞர்கள் தங்கள் வாத்தியத்தின் சுருதியைச் சந்தேகித்தார்கள். 1992இல்தான், கூடவே ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப்பிலிருந்து சரியான சுருதியில் சிடி வந்தது. ரோலிங் ஸ்டோன்ஸின் 1968 ஆல்பம் ‘பெகர்ஸ் பாங்கெட்’ இதற்கு மாறாக மெதுவாகவே வெளியாகி, 2002 மறுவெளியீட்டில்தான் சரியான வேகத்துக்கு வந்தது. பியானோவோ ஆர்கனோ இருக்கும் பாட்டைச் சுருதிமானியில் வைத்துப் பார்க்க 5 நிமிடம் ஆகும். ஆனால் வேகமாற்றம் வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். பீட்டில்ஸின் ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மோனோ மிக்ஸில் ஸ்டீரியோவைவிட வேகமாகவும் ஏறக்குறைய அரைச் சுரம் உயரமாகவும் ஓடுகிறது. அது இயந்திரக் கோளாறு அல்ல, எடுத்த முடிவு.

இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது: எது அந்த ஆல்பம்? 1960களில் பாப் இசை முதலில் மோனோவுக்காகவே மிக்ஸ் ஆனது. ஸ்டீரியோ பின்னால் சுருக்கமாக முடித்த வேலை. பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ 1966இல் மோனோவாகவே உருவானது. ஒரு காது கேளாத பிரையன் வில்சன் தம் செவியால் அறிந்த வடிவம் அது. 1990களில் பல தட டேப்புகளை ஒன்றிணைத்து மார்க் லினெட் முதல் முழு ஸ்டீரியோ மிக்ஸைச் செய்தார். அது கேட்க இனியது, ஆராய்ச்சிக்கும் உதவுவது. ஆனால் 1966இல் ரேடியோவில் கேட்டவர் கேட்டது அதை அல்ல. பீட்டில்ஸின் ‘ஹெல்ப்!’, ‘ரப்பர் சோல்’ இரண்டையும் 1987 சிடிக்காக ஜார்ஜ் மார்ட்டினே மறுமிக்ஸ் செய்தார். 2009 ஸ்டீரியோ சிடியும் அந்த மிக்ஸையே பின்பற்றியது. 1965இன் அசல் ஸ்டீரியோ மிக்ஸ் அதே 2009இல் மோனோ தொகுப்பின் கூடுதல் பகுதியாக வந்தது. இதுவே உருப்படியான வழி: புதிய மிக்ஸ் வரட்டும், ஆனால் பழையது அதே பெட்டியில் இருக்கட்டும், எது எது என்று அட்டையில் எழுதியிருக்கட்டும்.

பாடகரே மாற்றச் சொன்னால் என்ன செய்வது, அவருடைய பாட்டு, அவருக்கில்லாத உரிமையா என்று ஒரு வலுவான மறுப்பு உண்டு. சட்டப்படி அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ரசனைப்படி பார்த்தால் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. இகி பாப் பாடிய ‘ரா பவர்’ ஆல்பம் 1973இல் டேவிட் போவியின் மிக்ஸில் வெளியானது; பலர் அதை மெலிந்தது என்று குறை சொன்னார்கள். 1997இல் இகி பாப்பே மறுமிக்ஸ் செய்து, மீட்டர் சிவப்பை விட்டு இறங்காத அளவுக்குச் சத்தமான சிடியைக் கொண்டுவந்தார். 2010இல் கம்பெனி போவியின் மிக்ஸை மறுபடி வெளியிட்டது. குறை சொன்ன அதே மிக்ஸைத் தேடும் ஆட்களும் இருந்தார்கள் என்பதே காரணம். ஸெட்.ஸெட். டாப்பின் 1970கள் ஆல்பங்கள் 1987 ‘சிக்ஸ் பேக்’ தொகுப்பில் 80களின் எதிரொலிக்கும் ட்ரம்ஸோடு வந்து வெகுநாள் சிடியில் அந்த உருவத்திலேயே கிடந்தன. ஓஸி ஆஸ்போர்னின் கேஸ் இன்னும் மோசம். ‘ப்ளிஸர்ட் ஆஃப் ஓஸ்’, ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ இரண்டின் 2002 மறுவெளியீட்டில், ராயல்டி வழக்குத் தொடுத்திருந்த பாப் டெய்ஸ்லியின் பாஸையும் லீ கெர்ஸ்லேக்கின் ட்ரம்ஸையும் அழித்துவிட்டு வேறு இருவரை வாசிக்கவைத்துப் பதிந்தார்கள். 2011இல் அசலுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மாற்றும் உரிமை கலைஞருக்கு இருக்கலாம், ஆனால் மாற்றியதை அசலின் பெயரிலும் அட்டையிலும் விற்று, அசலைக் கடையிலிருந்து எடுத்துவிடும்போது வாங்குபவர் ஏமாறுகிறார். கூடுதலாகக் கொடுங்கள், பதிலாகக் கொடுக்காதீர்கள்.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். மக்கள் கேட்டது டேப்பை அல்ல, எல்.பி.யை, எனவே டேப்பை அப்படியே கொடுப்பதும் ஒரு புனைவுதானே? இதில் பாதி உண்மை. சில பொறியாளர்கள் எல்.பி. வெட்டும்போது செய்த ஈக்யூவும் ஆல்பத்தின் குணத்தில் சேர்ந்தது. அந்தக் குறிப்புச் சீட்டு கிடைத்தால் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். முதல் அச்சு எல்.பி. ஒன்று வேலை மேசையில் கட்டாயம் இருக்க வேண்டும். பாட்டு வரிசை, நீளம், மங்கி மறையும் இடம், மிக்ஸ் எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்க அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. ஆனால் அதையே இலக்காகக் கொண்டால் எல்.பி.யின் இயலாமைகளையும் சேர்த்துப் படியெடுக்க நேரும். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ 1985இல் வந்தபோது பக்க நீளம் போதாமல் எல்.பி.யில் சில பாட்டுகளைச் சுருக்கினார்கள். சிடியில் முழு நீளம் இருந்தது. சில சங்கதிகளைச் சிடியால் சொல்லவே முடியாது. பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ எல்.பி.யின் கடைசிப் பள்ளத்தில் சுற்றிச் சுற்றி ஓயாமல் ஒலிக்கும் ஒரு துணுக்கு உண்டு. சிடியில் அதைச் சில தடவை ஓட்டி மங்கவிட்டார்கள். வேறு வழியில்லை.

இப்போது கருவிகள். இரைச்சல் நீக்கும் மென்பொருளில் ‘நீக்கியதை மட்டும் கேள்’ என்று ஒரு வசதி இருக்கும். அதை அழுத்தி, எடுத்தெறிந்த குப்பையைக் கேளுங்கள். வெறும் ‘உஷ்’ஷென்று இருந்தால் பரவாயில்லை. அதில் பாடகரின் குரலோ, ஜால்ராத் தட்டின் வாலோ, அறையின் எதிரொலியோ நிழலாகத் தெரிந்தால் பாட்டையே எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். டேப் இரைச்சலோடு காது 10 விநாடியில் சமாதானமாகிவிடும், அறுந்த எதிரொலியோடு ஆகாது.

சத்தம் பற்றித்தான் வாக்குவாதம் அதிகம். சிடிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. எனவே சத்தத்தைக் கூட்ட ஒரே வழி, ட்ரம் அடிகளின் முனைகளை லிமிட்டரால் நசுக்கி, மிச்சத்தை மேலே தூக்குவது. இன்றைய பாட்டுகளின் பக்கத்தில் பழைய ஆல்பம் மெல்லியதாகக் கேட்டால் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்று விற்பனைப் பிரிவு சொல்லும். காரிலும் பேருந்திலும் கேட்பவரை நினைத்தால் இது முழுக்க அபத்தம் அல்ல; 2009 பீட்டில்ஸ் ஸ்டீரியோ சிடியிலும் லிமிட்டர் சற்றே பயன்பட்டது, மோனோ தொகுப்பில் இல்லை. ஆனால் வாதத்தின் அடித்தளம் கரைந்துவிட்டது. ஸ்ட்ரீமிங் தளங்கள் பாட்டுகளின் ஒலியளவைத் தாமே சமப்படுத்துகின்றன. நசுக்கிய பாட்டு அங்கே கீழே இறங்கி, நசுங்கல் மட்டும் மிஞ்சும். இன்று காசு கொடுத்துச் சிடி வாங்குபவரோ பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து கேட்பவர், ஒலியைக் கூட்டக் குமிழ் வைத்திருப்பவர். பழைய சிடியையும் உங்கள் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டின் சராசரி ஒலியளவையும் முதலில் சமமாக்குங்கள். துளி சத்தமாக இருப்பதைக் காது ‘நல்லது’ என்று சொல்லிவிடும். சமமாக்கிய பிறகும் புதியதே நன்றாக இருந்தால்தான் வென்றிருக்கிறீர்கள்.

சிறிய கம்பெனிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? உரிமம் வாங்கும் சிறிய நிறுவனத்துக்குப் பெரிய கம்பெனி பெரும்பாலும் டேப்பைக் கொடுப்பதில்லை, ஒரு டிஜிட்டல் கோப்பை அனுப்பிவிடும். அது எந்தத் தலைமுறை டேப்பிலிருந்து, எந்த ஆண்டில் மாற்றியது என்று எழுத்தில் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் கேட்டால் பதில் வரும். மாஸ்டர் டேப்பே இல்லாமலும் போகலாம். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் நடந்த தீவிபத்தில் மாஸ்டர் டேப்புகள் எரிந்தது பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே விரிவாகத் தெரிந்தது. இழப்பின் அளவு பற்றிக் கம்பெனிக்கும் செய்தியை வெளியிட்ட பத்திரிகைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் வெளிநாட்டு அச்சுக்காக அந்தக் காலத்தில் அனுப்பிய டேப் பிரதியைத் தேடலாம், கடைசியாக நல்ல எல்.பி.யிலிருந்தும் எடுக்கலாம். குற்றமில்லை, அட்டையில் சொல்லிவிட்டால். ஐரோப்பாவில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் சிடி போடலாம். அப்படி வந்த மலிவு சிடிகள் பல எல்.பி.யிலிருந்தோ பிறர் சிடியிலிருந்தோ எடுத்தவை. உரிமை கிடைப்பதும் டேப் கிடைப்பதும் வேறு வேறு.

கூடுதல் பாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிடியில் 74 முதல் 80 நிமிடம் வரை இடம் இருப்பதாலேயே நிரப்ப வேண்டிய கட்டாயமில்லை. ஆல்பம் முடிந்ததும் நாலைந்து விநாடி மௌனம் விடுங்கள், முடிந்தால் அவற்றைத் தனித் தட்டில் போடுங்கள். அவற்றை எழுதியவர்களின் உரிமையும் அட்டைப் படங்களின் உரிமையும் ஒலிப்பதிவு உரிமையில் அடங்காது. தனித்தனியாக வாங்க வேண்டும்.

தொழிற்சாலைக்கு அனுப்பும் முன் கடைசிக் கோப்பை, வேலையில் சம்பந்தப்படாத ஒருவர் முதலிலிருந்து முடிவுவரை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். 2017இல் போவியின் பெர்லின் காலப் பெட்டித் தொகுப்பில் ‘ஹீரோஸ்’ பாட்டின் நடுவே ஒலி திடீரென்று தணிவதை வாங்கியவர்கள் கண்டுபிடித்தார்கள். டேப் சேதமே காரணம் என்று முதலில் விளக்கிய கம்பெனி பிறகு மாற்றுத் தட்டு கொடுத்தது. சேதத்தைப் பெட்டியோடு வரும் புத்தகத்தில் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் புகார் வந்திருக்காது. வேறு பிரதியிலிருந்து அந்தச் சில விநாடிகளை ஒட்டியிருந்தால் மீதியும் வந்திருக்காது. உங்கள் சிடியின் சிறு புத்தகத்தில் பாடகரின் புகழ்ச்சிக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறீர்கள் என்றால், எந்த டேப், எந்த ஆண்டு மிக்ஸ், எந்த இயந்திரம், எங்கே ஒட்டு, எவ்வளவு லிமிட்டர் என்பதற்கு அரைப் பக்கமாவது வையுங்கள். இருபது ஆண்டு கழித்து இதே ஆல்பத்தை மறுபடி கையில் எடுக்கும் பொறியாளர் முதலில் புரட்டுவது அந்த அரைப் பக்கத்தைத்தான்.